தக்கலை அருகே ஊருக்கான காய்கறித் தோட்டம்: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே எங்கள் குடும்பத்துக்குரிய 50 சென்ட் நிலத்தில், பூச்சிமருந்து அடிக்காமல் காய்கறியும் கிழங்கும் விளைவித்து, முதலில் எங்கள் தெருவிலுள்ள வீடுகளுக்கும் அங்கன்வாடிக்கும் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க விரும்புகிறேன். மேட்டுப் பகுதியில் மரச்சீனி (மரவள்ளி), சேனை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழை ஆகியவற்றை வைக்கலாம், அதில் ஐயமில்லை.

கவலை தாழ்ந்த பகுதியைப் பற்றியதே. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் கிடைப்பதால், ஜூனிலும் மறுபடி அக்டோபரிலும் அங்கே தண்ணீர் கட்டி நிற்கிறது. வழுதலங்காய் (கத்தரி) செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு சாய்கின்றன, பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கிறது. பாத்தியை உயர்த்தி, வடிகால் வெட்டினால் போதுமா, அல்லது அவ்விடத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போகமும் நெல்லே விதைக்கலாமா? நெல் வயல்கள் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் போய்க்கொண்டிருக்கும் நிலையில் நெல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலைய ரகங்களைத் தொழுவுரம் மட்டும் இட்டுப் பயிரிட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கை வேளாண் சான்று பெறக் குறைந்தது 5 உழவர்களாவது குழுவாகச் சேர வேண்டும் என்பதால், எங்கள் கல்குளம் வட்டத்தில் இணைய விரும்புவோரும், நாட்டு விதை தரக்கூடியவர்களும் இங்கே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.