காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிறது, இப்போது முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. வழுக்கையா?

நேர்வகிடு கேட்டது:

எனக்கு வயது 31. ஒரு மாதமாகத் தலைக்குக் குளித்தால் குளியலறையில் தண்ணீர் வடிவதே இல்லை. வடிகட்டி வலையைத் தூக்கினால் எலிக்குட்டி அளவுக்கு ஒரு முடி உருண்டை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிறு அவரே குனிந்து வலையை எடுத்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

நேற்று வெள்ளைத் துண்டை விரித்து உதிர்ந்ததை எண்ணினேன். 214 வந்ததும் கண் கலங்கிவிட்டது, நிறுத்திவிட்டேன். உதிர்ந்த முடி நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி வேறு இருக்கிறது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டு ஷாம்பு மாற்றியாயிற்று. முடிக்கு நல்லது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு முழு வழுக்கை. அம்மாவுக்கும் 50-க்கு மேல் உச்சி தெரிய ஆரம்பித்தது. தோழி ஒருத்தி முடி வளர மினாக்சிடில் என்ற மருந்தைத் தலையில் போடுகிறாள், நானும் ஆரம்பிக்கட்டுமா?

வேறு விஷயம் ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு முன் பத்து நாள் கடும் காய்ச்சல் வந்து ஐந்து கிலோ குறைந்தேன், அவ்வளவுதான்.

மொட்டைமாடி எழுதியது:

சகோதரி, பெயரைப் பார்த்தாலே என் தலை நிலவரம் புரிந்திருக்கும். வயது 46. இந்த விஷயத்தில் நான் செய்யாத தப்பு கிடையாது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

"அவ்வளவுதான்" என்று கடைசியில் போட்டீர்களே, அந்த வரிதான் உங்கள் கேள்விக்குப் பதில் மாதிரி தெரிகிறது.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், அப்புறம் மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், பிறகு விழும். சாதாரணமாகப் பத்தில் ஒன்றுதான் ஓய்வில் இருக்கும். அதனால் நாளைக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது நமக்குத் தெரிவதே இல்லை. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீர் எடைக் குறைவு, இப்படி ஏதாவது வந்தால் உடம்பு ஏராளமான முடியை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை எல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து விழும். டாக்டர்கள் இதை டெலோஜன் எஃப்ளுவியம் என்பார்கள்.

முடியின் கடிகாரம் எப்போதும் மூன்று மாதம் தாமதம். நேற்று வாங்கிய ஷாம்பு மீது பழி போடுவோம், குற்றவாளி எப்போதோ வந்து போயிருப்பான்.

அந்த வெள்ளைப் புள்ளி வேர் இல்லை. ஓய்வு முடிந்து தானாகக் கழன்ற முடிக்கு நுனி அப்படித்தான் இருக்கும், குண்டூசித் தலை போல. மயிர்க்கால் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

பரம்பரை வழுக்கை வேறு மாதிரி வரும். எனக்கு ஒருநாளும் குளியலறை அடைத்ததில்லை. முடிவெட்டுபவர்தான் முதலில் கண்டுபிடித்தார். பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, "சார், உச்சியில கொஞ்சம் மெலிஞ்சிருக்கு" என்றார். அப்போது வயது 24. வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். டிஎச்டி என்ற ஹார்மோனுக்குச் சில மயிர்க்கால்கள் பிறப்பிலேயே கூச்சம் உள்ளவை. ஒவ்வொரு சுற்றிலும் அவை இன்னும் மெல்லிய, இன்னும் குட்டையான முடியை வளர்க்கும், கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். அந்த மரபு அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். பெண்களுக்குப் பெரும்பாலும் முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கும், வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். அதனால் முடியை எண்ணுவதை விட்டுவிட்டு வகிட்டைப் படம் எடுங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், மாதம் ஒரு தடவை. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, ஆகவே தோல் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்.

மினாக்சிடில் பற்றி. அது முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்தில் எல்லாம் முடி முளைக்க, அதையே தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அனுமதி கிடைத்தது. நான் ஆரம்பித்த மூன்றாவது வாரம் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. பயந்து நிறுத்திவிட்டேன். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்பும் கட்டம் அது என்று யாரும் சொல்லவில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் காப்பாற்றியதும் சில மாதத்தில் போய்விடும். நடுவில் ஒரு சிகிச்சை மையத்தில் என் மண்டையைப் பெரிய திரையில் காட்டி, "வேரை வலுப்படுத்துகிறோம்" என்று இரண்டு வருடம் ஓட்டினார்கள். திரும்ப மினாக்சிடிலுக்கு வந்தபோது உச்சி காலி.

இப்போது ஃபினாஸ்டிரைடும் எடுக்கிறேன். டிஎச்டி உருவாவதைக் குறைக்கும் மாத்திரை, இருப்பதைக் காக்கிறது. சிலருக்குத் தாம்பத்திய விஷயத்தில் பக்கவிளைவு வரும், டாக்டரிடம் வெட்கப்படாமல் பேசிவிட்டே ஆரம்பிக்க வேண்டும். புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தச் சோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால் அங்கேயும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை ஆண்களுக்கு எழுதித் தருவது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது, உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

ரத்தக்குழாய் எழுதியது:

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தோழி, பயோட்டின் சாப்பிடுவதை ரத்தம் கொடுக்கும்முன் கட்டாயம் சொல்லுங்கள். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு சோதனை உட்படச் சில முடிவுகளைத் தப்பாகக் காட்டிவிடும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பில் உள்ள இரும்பு அதில்தான் தெரியும். சோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம்.

பூனைவீடு எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. வீட்டில் பூனை இருந்தால் மினாக்சிடில் ஜாக்கிரதை. தலையணையில் ஒட்டியதை நக்கினால்கூடப் பூனை செத்துப்போகலாம்.

சுருட்டைமுடி எழுதியது:

மொட்டைமாடி அண்ணா பயோட்டினைக் கண்டுகொள்ளவே இல்லையே? பிரசவத்துக்கு அப்புறம் எனக்குப் பாதி முடி போயிற்று. பயோட்டின் எடுத்தேன், ஐந்தே மாதத்தில் எல்லாம் திரும்ப வந்தது.

மொட்டைமாடி எழுதியது:

வந்ததில் சந்தோஷம். ஆனால் பிரசவத்துக்குப் பின் கொட்டுவது தானாகவே திரும்பி வரும் வகை. மாத்திரை இல்லாமலும் வந்திருக்கும். கொட்டும்போது கையில் இருந்தது குற்றவாளி, முளைக்கும்போது கையில் இருந்தது கடவுள், பாதி விளம்பரம் இதில்தான் ஓடுகிறது. பயோட்டின் குறைபாடு உள்ளவருக்குப் பயன்படும், அது அபூர்வம்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. காசு மாதிரி வட்டமாக முடி போனால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் நம் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது. தலை எரிந்தாலோ, சீழ் வைத்தாலோ, தோல் வழுவழுவென்று தழும்பு போல மின்னினாலோ ஆறு மாதம் படம் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். தழும்பு விழுந்த இடத்தில் மயிர்க்கால் திரும்ப வராது, உடனே ஓடுங்கள்.

நேர்வகிடு எழுதியது:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டாக்டர் 50 முடி போலக் கொத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்தார், எட்டு கையோடு வந்தது. லென்ஸ் வைத்து உச்சியைப் பார்த்துவிட்டு, மெலிந்த முடி கலப்பு இல்லை, காய்ச்சல்தான் காரணம் என்றார். தைராய்டு சரி. ஃபெரிட்டின் 11, அதற்கு மட்டும் இரும்பு மாத்திரை கொடுத்தார். மினாக்சிடில் வேண்டாம் என்றுவிட்டார். பயோட்டினை நிறுத்திவிட்டேன்.

கொட்டுவது போன மாதத்திலிருந்து குறைந்திருக்கிறது. வகிடு முதல் படத்தில் இருந்த அகலமேதான். இப்போது புதுத் தொல்லை, நெற்றி ஓரம் முழுக்க விரல்கடை நீளத்துக்குக் குட்டி முடி குச்சிகுச்சியாக நிற்கிறது. எப்படி வாரினாலும் படிய மாட்டேன் என்கிறது. கணவர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.