"இன்றியமையாத வழக்கம்" என்ற சொல் அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது? ஆகமம் உண்மையில் என்ன சொல்கிறது?

கேள்வி: சட்ட மாணவன்

அனைவருக்கும் வணக்கம். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அர்ச்சகர் நியமனம் பற்றி வகுப்பில் நடந்த விவாதத்தில், எதிரெதிர் அணியில் நின்றவர்களும்கூட இரண்டு கருத்துகளை மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். கருவறைக்குள் யார் நின்று பூசை செய்யலாம் என்பதை ஆகமங்கள் ஆதிகாலத்திலேயே பிறப்பை வைத்து முடிவு செய்துவிட்டன, அது என்றும் மாறியதில்லை என்பது முதலாவது. ஒரு மதத்தின் இன்றியமையாத வழக்கங்களுக்கு மட்டுமே அரசியலமைப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்பது இரண்டாவது. விடுதிக்குத் திரும்பியதும் மதச் சுதந்திரம் பற்றிய 25, 26 ஆகிய பிரிவுகளை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். "இன்றியமையாத" என்ற சொல்லே அவற்றில் இல்லை. என் வாசிப்பில் ஏதேனும் பிழை உள்ளதா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆகமத்தைப் பற்றிய முதல் கருத்தாவது சரிதானா?

மறுமொழி: வழக்குரை

உங்கள் வாசிப்பில் பிழை இல்லை. 26ஆம் பிரிவு "மத விவகாரங்கள்" என்று மட்டுமே சொல்கிறது. அவற்றுள் இன்றியமையாதவை எவை, அல்லாதவை எவை என்று அது பிரிக்கவில்லை.

சொல்லின் வேர் அரசியல் நிர்ணய சபையில் இருக்கிறது. 1948 டிசம்பர் 2 அன்று தனிநபர் சட்டங்கள் குறித்த விவாதத்தில் அம்பேத்கர், இந்த நாட்டில் மதம் என்னும் கருத்து பிறப்பிலிருந்து இறப்பு வரை வாழ்வின் எல்லாப் பகுதிகளையும் அளாவி நிற்கிறது என்றும், ஆகவே நம்பிக்கைகளுக்கும் சாராம்சத்தில் மதம் சார்ந்த சடங்குகளுக்கும் அப்பால் போகாதபடி மதத்தின் வரையறையைச் சுருக்க வேண்டும் என்றும் பேசினார். குத்தகை, வாரிசுரிமை போன்றவை மதத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்பதே அவருடைய கவலை. அதாவது, மதம் சார்ந்தது எது, உலகியல் சார்ந்தது எது என்ற கோட்டைத்தான் அவர் வரைந்தார்.

1954இல், உடுப்பியின் எட்டு மடங்களுள் ஒன்றான சிரூர் மடத்தின் வழக்கில், மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதினார். மடங்களுக்கு அது உண்மையில் பெரிய பாதுகாப்பு. ஆனால் 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், மத வழக்கங்களாகவே இருப்பினும் சில வெறும் மூடநம்பிக்கையிலிருந்து முளைத்தவையாக இருக்கலாம், அவற்றை நீதிமன்றம் கவனமாக ஆராய வேண்டும் என்றார். மதத்துக்கும் உலகியலுக்கும் நடுவே இருந்த கோடு, இவ்வாறு மதத்துக்குள்ளேயே இழுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் நீதிபதிகள் சாத்திரங்களைப் புரட்டி இறையியல் தீர்ப்பு எழுத வேண்டிய நிலை வந்தது. என் மதிப்பீட்டில், நமது அரசியலமைப்புச் சட்ட வரலாற்றில் அதிகம் விசாரிக்கப்படாமல் நடந்த இடமாற்றம் இதுதான்.

ஆகமம் பற்றிய கேள்விக்கு, பூசை மரபில் வந்தவர்கள் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: கிரந்த ஏடு

நான் சிவாச்சாரியார் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் நலனுக்காகச் செய்யும் ஆத்மார்த்த பூசை, உலக நலனுக்காகக் கோயிலில் செய்யும் பரார்த்த பூசை என்று சைவ ஆகமங்கள் பிரிக்கின்றன. முன்னது தீட்சை பெற்ற பலருக்கும் உரியது. பின்னது ஆதிசைவருக்கே, அதாவது சிவாச்சாரியார் மரபினருக்கே, உரியது என்பது காமிகம் போன்ற ஆகமங்களில் உள்ள விதி. இதை யாரோ நேற்று புனைந்தார்கள் என்று சொல்வது தவறு. அதேபோல, ஆதிசைவராகப் பிறந்தால் மட்டும் போதாது; சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை, ஆசாரிய அபிடேகம் என்று படிப்படியாகத் தகுதி பெற வேண்டும் என்பதும் அதே மரபுதான். இந்த இரண்டாவது பாதியை எங்களவர்களே பல நேரங்களில் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆனால் "என்றும் மாறியதில்லை" என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. என் தாத்தா வைத்திருந்த கோடு போட்ட நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. மேல் அட்டையில் "ஆகமம்" என்று எழுதியிருப்பார். திறந்தால் உள்ளே கிரந்த எழுத்தில் இருப்பது ஆகம மூலம் அன்று; 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் இயற்றிய பத்ததியின், அதாவது பூசை நடைமுறைக் கையேட்டின், பகுதிகள். ஓரங்களில் பென்சிலால், நைவேத்தியத்துக்கு அரிசி குறைந்த நாளில் என்ன செய்வது, திருவிழாவில் ஒரு வாகனம் பழுதானால் எதை வைத்துச் சமாளிப்பது என்று அவருடைய குறிப்புகள். தமிழ்நாட்டுச் சிவாலயங்கள் பலவற்றில் நடைமுறையில் இருப்பது இத்தகைய பத்ததிதான்.

வைணவத்திலோ ஆகமமே மாறியிருக்கிறது. திருவரங்கத்தில், வைணவ ஆகமங்கள் இரண்டனுள் வைகானசத்தை விலக்கிப் பாஞ்சராத்திரத்தை இராமானுசர் நிலைநாட்டினார் என்று அக்கோயிலின் வரலாறான கோயிலொழுகே சொல்கிறது. அதற்கு முன்பே, பாஞ்சராத்திரம் வேதத்துக்குப் புறம்பானது என்ற குற்றச்சாட்டை மறுத்து ஆளவந்தார் ஆகமப்பிராமாண்யம் என்று ஒரு நூலே இயற்ற வேண்டியிருந்தது. திருப்பதியில் இன்றும் வைகானசம். சிதம்பரத்திலோ தீட்சிதர்கள் பதஞ்சலியின் பெயரால் வழங்கும் தனி முறையைப் பின்பற்றுகிறார்கள். ஆகவே "ஆகமப்படி" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆகமம், எந்தப் பத்ததி, எந்தக் கோயில் என்று கேட்பதில் நிந்தனை எதுவும் இல்லை. எங்கள் பெரியவர்களே அப்படித்தான் கேட்பார்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: சட்ட மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம் எஞ்சியுள்ளது. பிறப்புத் தகுதியும் மத விதிதான் என்று ஒப்புக்கொண்டால், 26ஆம் பிரிவின்படி அரசு அதில் தலையிட முடியாது என்று ஆகிவிடாதா? மத விதி இல்லை என்று மறுத்தால்தான் சமத்துவத்தைக் காக்க முடியுமா?

மறுமொழி: வழக்குரை

அப்படி மறுக்க வேண்டிய தேவை இல்லை என்பதற்கு 1957ஆம் ஆண்டின் மூல்கி வேங்கடரமண கோயில் வழக்கே சான்று. கோயிலுக்குள் யார், எதுவரை வரலாம் என்பது ஆகமங்களின்படி மத விவகாரமே என்று நீதிபதி வேங்கடராம ஐயர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும், பொதுத்தன்மை வாய்ந்த இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்னும் 25(2)(ஆ) பிரிவுக்கு அது கட்டுப்பட்டது என்று தீர்ப்பளித்தார். எது மதம் என்பதை மதத்தவர் சொல்லட்டும், அது அரசியலமைப்பின் மற்றப் பிரிவுகளோடு பொருந்துகிறதா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும் என்பதே இதன் வழி. எனக்கு இதுவே நேர்மையான வழியாகப் படுகிறது.

அர்ச்சகர் வழக்குகளில் நீதிமன்றம் இந்த நேர்வழியில் நடக்கவில்லை. 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தமிழக அரசு வாரிசு உரிமையை நீக்கியபோது, 1972இல் சேஷம்மாள் வழக்கில் ஐந்து நீதிபதிகள், நியமனம் என்பது உலகியல் செயல் என்று கூறித் திருத்தத்தைச் செல்லுபடியாக்கினார்கள். ஆனால் ஆகமம் குறிப்பிடும் பிரிவைச் சாராதவர் தொட்டால் திருமேனி தீட்டுப்படும் என்ற கருத்தையும் அதே தீர்ப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அதனால்தான் இரு தரப்பும் இன்றுவரை அந்தத் தீர்ப்பையே மேற்கோள் காட்டுகின்றன. 2002இல் ஆதித்யன் வழக்கில், எர்ணாகுளம் மாவட்டத்துச் சிவன் கோயிலொன்றில் பயிற்சி பெற்ற பிராமணரல்லாதவரின் நியமனம் செல்லும் என்றானது. 2015இல் ஆதிசைவ சிவாச்சாரியார்கள் வழக்கில் இரு நீதிபதிகள், ஒவ்வொரு நியமனத்தையும் அந்தந்தக் கோயிலின் ஆகமத்தோடு ஒப்பிட்டுத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றும், விலக்கும் சேர்ப்பும் சாதி, பிறப்பு போன்ற அரசியலமைப்பு ஏற்காத அளவுகோல்களின்மேல் அமையக் கூடாது என்றும் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 25ஆம் பிரிவின் தொடக்கத்தில் "இப்பகுதியின் மற்ற வகைமுறைகளுக்கு உட்பட்டு" என்ற தொடரும் உண்டு. 26ஆம் பிரிவில் அந்தத் தொடர் இல்லை, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகிய மூன்று மட்டுமே உண்டு. உங்கள் ஐயத்தின் உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரை எழுதுவதாக இருந்தால், மூல்கி தீர்ப்பு அந்த முடிச்சை எப்படிக் கையாண்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்புகளில் அந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.