ரூட்ஸ் மியூசிக்: வேரிசையா, மண்ணிசையா?

செவ்வாய் காலை. சென்னையிலிருந்து, சப்டைட்டில் எழுதுபவர்:

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் அக்டோபர் தொடக்கத்தில் மூன்று நாள் நடக்கும் திறந்தவெளி இசைவிழாவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. சப்டைட்டிலும் பின்னணிக் குரலுக்கான உரையும் தமிழில் எழுத வேண்டும். வெள்ளி மாலை கெடு. அங்கே ஒலிக்கும் இசைக்குப் படம் சொல்லும் பெயர்களான 'ரூட்ஸ் மியூசிக்' (ரூட்ஸ் என்றால் வேர்கள்), 'அமெரிக்கானா' என்ற இரண்டு சொற்களிலும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். முதலில் ஒருவர் விரல்நுனிகளில் உலோகத் தகடு மாட்டிக்கொண்டு பாஞ்சோ என்ற நரம்புக் கருவியை வாசிக்கிறார். அடுத்தவர் நெளிநெளியான தகரத்தைச் சட்டை மாதிரி தோளில் மாட்டித் தொங்கவிட்டு, சோடா பாட்டில் திறக்கும் ஓப்பனரால் அதைச் சரசரவென்று உரசித் தாளம் போடுகிறார். பிறகு கறுப்பின மூதாட்டிகள் நால்வர் கைதட்டிக்கொண்டு தேவாலயப் பாட்டுப் பாடுகிறார்கள். கடைசியில் ஒரு பெண், கையில் கிடார் மட்டும், போன வருடம் தானே எழுதிய பாட்டைப் பாடுகிறார். இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. 'நாட்டுப்புற இசைக் கலைஞர்கள்' என்று எழுதினேன், அந்தக் கடைசிப் பெண்ணைப் பார்த்ததும் அழித்துவிட்டேன். போன வருடத்துப் பாட்டு எப்படி நாட்டுப்புறப் பாட்டாகும்? 'மண்ணிசை' சரிவருமா?

செவ்வாய் மதியம். தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, புதுச்சொல் தேடி எங்கும் போக வேண்டாம். பலவகைக் கலைஞர் ஓரிடத்தில் கூடுவதைச் சொல்ல நம் மொழியில் இல்லாத சொல்லா? பாணர், பாடினியர், விறலியர், பொருநர், கூத்தர், கோடியர், வயிரியர், கண்ணுளர், அகவுநர். கோடு என்ற கொம்பை ஊதியவர் கோடியர், வயிர் ஊதியவர் வயிரியர். கருவியை வைத்தே ஆளுக்குப் பெயர். பேரியாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர், சீறியாழ் வைத்திருந்தவர் சிறுபாணர். உங்கள் பாஞ்சோக்காரரைச் சிறுபாணர் என்று எழுதுங்கள். தானே எழுதிப் பாடும் பெண்ணைப் பாடினி என்று எழுதுங்கள். இசைக்குழுவுக்குப் 'பல்லியம்' இருக்கிறது.

அவர்கள் கருவிகளைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வரும் காட்சி கட்டாயம் இருக்கும். அந்தப் பெட்டிக்கும் சொல் உண்டு. கருவிகளை இட்டுச் சுருக்கிக் கட்டிய பைகள் பலாக்காய்க் கொத்துப் போலத் தொங்கின என்று மலைபடுகடாம் தொடக்கத்திலேயே சொல்கிறது. கலம் இருக்கும் பை, கலப்பை. இன்று கலப்பை என்றால் ஏர் என்று மட்டுமே நினைக்கிறோம். மீட்க வேண்டிய சொல் அது.

செவ்வாய் இரவு. கலிபோர்னியா பிரீமான்ட்டிலிருந்து, மென்பொறியாளர்:

இந்த விழாவுக்குப் பல வருடம் போயிருக்கிறேன். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். ஐயா மன்னிக்க வேண்டும், பாணர் இங்கே பொருந்தாது.

விழாவைத் தொடங்கியவர் வாரன் ஹெல்மன், முதலீட்டு வங்கியாளர், பாஞ்சோ வாசிப்பதில் பித்து. 2001இல் தொடங்கும்போது அதன் பெயரே 'ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ்', அதாவது கறாராக புளூகிராஸ் மட்டும். பாஞ்சோவும் பிடிலும் சேர்ந்து ஒலிக்கும் ஒருவகை அமெரிக்க இசை அது. சில வருடங்களில் ராக், கன்ட்ரி, ப்ளூஸ் என்று எல்லாரும் மேடை ஏறவே, 2004இல் பெயரையே மாற்றி 'ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி புளூகிராஸ்' ஆக்கிவிட்டார்கள். கறார் எல்லாம் ஒன்றும் கிடையாது என்று பொருள். ஹெல்மன் 2011 டிசம்பரில் காலமானார். விழா நடக்கும் புல்வெளிக்கு இப்போது அவர் பெயர்தான்.

அவருக்கு மிகப் பிடித்த பாடகி ஹேசல் டிக்கன்ஸ். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். கரித்தூசி நுரையீரலில் படிந்து மடிந்தவர்களைப் பற்றியும், தொழிற்சங்கத்தைப் பற்றியும் பாடியவர். ஒரு பெரும் பணக்காரர் நடத்தும் விழாவில் நின்று முதலாளிக்கு எதிரான பாட்டைப் பாடினார், அந்தப் பணக்காரரும் அதைத்தான் விரும்பிக் கேட்டார். ஐயா, பாணர் என்று எழுதினால் வள்ளலைப் பாடிப் பரிசில் பெற்றவர் என்ற நினைவுதானே படிப்பவருக்கு வரும்? டிக்கன்ஸுக்கு அது அநியாயம்.

மண்ணிசைக்கும் எனக்கு உடன்பாடில்லை. எந்த மண்? பாஞ்சோ அமெரிக்காவில் தானாக முளைத்ததில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தித் தங்கள் ஊர்க் கருவியின் நினைவில் செய்தது. செனகல், காம்பியா பக்கத்தில் அக்கோன்டிங் என்ற கருவி இன்றும் அதே சாடையில் இருக்கிறது. பிடில் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தது. லூசியானாக்காரர்களின் அக்கார்டியன் ஜெர்மனிச் சரக்கு. அந்த மண்ணுக்கே உரியவர்களை விரட்டிவிட்டு வந்து குடியேறியவர்களின் இசையை மண்ணிசை என்பது கூசுகிறது.

புதன் காலை. நாகர்கோவிலிலிருந்து, பள்ளி இசை ஆசிரியை:

பிரீமான்ட் அண்ணன் சொன்ன 'பிடில்' என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அதைத் தமிழாக்கத் தேவையே இல்லை, எப்போதோ தமிழாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் வயலின் என்று சொல்லமாட்டார்கள், பிடில் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். நாம் கணுக்காலில் சாய்த்து உட்கார்ந்து வாசிக்கிறோம், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காரர்கள் சிலர் நெஞ்சில் அண்டக்கொடுத்து வாசிக்கிறார்கள். கருவி ஒன்றுதான்.

தானே எழுதிப் பாடுபவருக்குப் 'பாடகர்-பாடலாசிரியர்' வேண்டவே வேண்டாம். பாடலாசிரியர் என்றால் பிள்ளைகளுக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். 'வாக்கேயக்காரர்' பொருள் அளவில் மிகச் சரி, சொல்லும் மெட்டும் ஒருவரே செய்வது. ஆனால் அது கச்சேரி மேடையை விட்டு இறங்காத சொல். எங்கள் பக்கம் வில்லுப்பாட்டுக்காரரைக் கேட்டால் "நானே கட்டின பாட்டு" என்பார். பாட்டுக் கட்டிப் பாடுபவர். அவ்வளவுதான்.

தகரத்தை உரசும் இசை சைடெக்கோ. அது லூசியானாவில் பிரெஞ்சு பேசிய கறுப்பின மக்களுடையது. சைடெக்கோ அக்கார்டியன் கலைஞர் கிளிப்டன் ஷெனியே 1940களில் துவைக்கும் தகரப் பலகையைத் தோளில் மாட்டுகிற மாதிரி வடிவமைத்துச் செய்யவைத்தார். சைடெக்கோ என்ற பெயருக்குப் பீன்ஸைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை மூலமாகச் சொல்வார்கள். "பீன்ஸில் உப்பில்லை" என்பது அவர்களின் பழைய பாட்டு வரி. அதாவது பீன்ஸோடு சேர்த்து வேகவைக்க ஒரு துண்டு உப்புக்கண்டத்துக்கும் வழியில்லாத வறுமை. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசவில்லை. தயவுசெய்து அந்தப் பெயரை மொழிபெயர்க்காதீர்கள்.

புதன் மாலை. தஞ்சாவூர் ஆசிரியர்:

பிடிலுக்கும் சொல் இருக்கிறது, வில்யாழ்! பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் இசைக்கிறான். காசு கொடுத்து வாங்காத, கையால் செய்த கருவி. நீங்கள் சொல்லும் ஏழைகளின் கருவிக்கு இதைவிட நெருக்கமான சொல் எது?

புதன் இரவு. பிரீமான்ட்:

ஐயா, அந்த வில்யாழில் வில் என்பது யாழின் உடம்பு. பிடிலில் வில் என்பது மேலே தேய்க்கும் கோல். பிடிலுக்கு வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். மிசிசிப்பிக் கறுப்பினப் பிள்ளைகள் சுவரில் இரண்டு ஆணி அறைந்து, ஒரே கம்பியை இழுத்துக் கட்டி வாசித்த 'டிட்லி போ' என்று ஒன்று உண்டு. வில்யாழ் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். படத்தில் வருகிறதா?

வியாழன் காலை. சென்னை:

படத்தில் டிட்லி போ வரவில்லை. புளூகிராஸை 'நீலப்புல் இசை' என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். 1930களின் இறுதியில் பில் மன்றோ என்ற பாடகர், தன் கென்டக்கி மாநிலத்தின் செல்லப்பெயரைச் சேர்த்துத் தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். 1945 இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு அதில் வந்து சேர, அந்த ஓசைக்கே பிற்பாடு குழுவின் பெயர் நிலைத்துவிட்டது. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க மாட்டோம் இல்லையா, அதே கணக்கு.

இன்னும் இரண்டே சிக்கல்தான். அமெரிக்கானா, ரூட்ஸ். கெடு நாளை.

வியாழன் மதியம். தஞ்சாவூர்:

'ஆனா' என்ற அந்த இலத்தீன் விகுதி, ஒன்றைச் சார்ந்த பொருள்களின் தொகுதியைக் குறிப்பது. நமக்கு 'இயம்' இருக்கிறது. அமெரிக்கியம்.

வியாழன் மதியம். நாகர்கோவில்:

ஐயா, பெண்ணியம், மார்க்சியம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'அமெரிக்கியம்' ஒரு கொள்கையாகத்தான் தோன்றும். கொடி பிடிப்பார்களோ என்று நினைப்பார்கள்.

வியாழன் மாலை. பிரீமான்ட்:

அமெரிக்கானாவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அது இசைத் தொழில் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட அடையாளச்சீட்டு. கன்ட்ரி வானொலியில் இடம் கிடைக்காத கலைஞர்களை ஒரு குடைக்குக் கீழே கொண்டுவர 1990களில் பரவிய பெயர். அதற்கான சங்கம் 1999இல் அமைந்தது. கிராமி இசை விருதுகளில் அமெரிக்கானா ஆல்பத்துக்கென்று தனி விருது 2010இல்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள், பாடகர் லெவன் ஹெல்முக்கு. கடைப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

ரூட்ஸ் அப்படியில்லை, அது உண்மையான சொல். வட கரோலினாவில் வில்க்ஸ்பரோ என்ற ஊர்க் கல்லூரி வளாகத்தில் 1988 முதல் மெர்ல்பெஸ்ட் என்று ஒரு விழா நடக்கிறது. பார்வையற்ற கிடார் மேதை டாக் வாட்சன், 1985இல் டிராக்டர் விபத்தில் இறந்துபோன தன் மகன் மெர்ல் நினைவாகத் தொடங்கியது. அங்கே என்ன இசை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பெயர், 'டிரடிஷனல் பிளஸ்'. மலைநாட்டு மரபிசை, அதோடு அன்றைக்கு வாசிக்க மனம் எதை விரும்புகிறதோ அதுவும். 'மரபும் மேலும்' என்று வைத்துக்கொள்ளலாமா? மகனோடு சேர்ந்து வாசித்த ஒரு தகப்பன் கண்டுபிடித்த சொல் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

வியாழன் இரவு. தஞ்சாவூர்:

அந்தத் தகப்பனின் சொல்லைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழகான சொல். ஆனாலும் அது அவருடைய விழாவுக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும்.

தம்பி, மண்ணிசை வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காரணத்திலேயே விடையும் இருக்கிறது. நான் டெல்டாக்காரன். நாற்றங்காலில் பறித்த நாற்றை வேறு வயலில் நடுவோம். முதல் சில நாள் பயிர் வெளிறித் துவண்டு கிடக்கும். பிறகு வேர் பிடிக்கும், பச்சை கட்டும். விதைத்த மண் வேறு, வேர் பிடித்த மண் வேறு. ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கையும் அயர்லாந்துப் பிடிலும் அங்கே போய் அப்படித்தானே வேர் பிடித்தன? ஆகவே வேரிசை. வேர் என்னும் மெய்யீற்றின் மேல் இகரம் ஏறி இயல்பாகப் புணர்கிறது, எந்த இலக்கண இடைஞ்சலும் இல்லை. கலைஞரை 'வேரிசைக் கலைஞர்' என்றே எழுதுங்கள். பாணரை நான் திரும்பப் பெறவில்லை. புறநானூறு பாணனைத் துடியனோடும் பறையனோடும் கடம்பனோடும் குடியாக எண்ணுகிறது என்பதால், வேறொரு நாட்டவருக்கு அதைச் சூட்டுவதில் எனக்கே சிறு தயக்கம் உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வியாழன் இரவு. நாகர்கோவில்:

வேரிசை எழுத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் படத்தில் பின்னணிக் குரல் இருக்கிறதே? காதில் விழும்போது அது 'வேறிசை'. றகரத்தை இன்று அழுத்திச் சொல்பவர் எத்தனை பேர்? 'வேர்ப்பாட்டு' என்று வையுங்கள், வில்லுப்பாட்டு, கும்மிப்பாட்டு வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் குழப்பமும் வராது.

வெள்ளி காலை. பிரீமான்ட்:

தங்கச்சி, பிடில் மெட்டுகளில் பாதிக்குச் சொல்லே கிடையாது, ஆடுவதற்கு வாசித்தவை. பாட்டு என்றால் அவை வெளியே போய்விடும். வேரிசைக்கு என் வாக்கு.

வெள்ளி மாலை. சென்னை:

கோப்பை அனுப்பிவிட்டேன். வேரிசை, அமெரிக்கானா, புளூகிராஸ், பிடில், பாட்டுக் கட்டிப் பாடுபவர். பின்னணிக் குரலில் முதல் முறை வரும்போது "வேர்களின் இசை, வேரிசை" என்று சேர்த்துச் சொல்ல வைத்திருக்கிறேன். பல்லியம் ஒரே இடத்தில் நுழைந்துவிட்டது, ஐயா, தேவாலயப் பாட்டி நால்வரோடு எல்லாரும் மேடையேறும் கடைசிப் பாட்டில். கலப்பையை வைக்க முடியவில்லை. அந்தப் பெண் கிடார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புல்வெளியில் நடக்கும் காட்சி இருக்கத்தான் செய்கிறது. கலப்பை என்று எழுதிப் பார்த்தேன், உழப் போகிறாள் என்றே என் மகன் படித்தான்.

சனி காலை. நாகர்கோவில்:

தாமதம்தான், இருந்தாலும் பதிவு செய்துவிடுகிறேன். நேற்று எட்டாம் வகுப்பில் "வேர்களின் இசை" என்ற விளக்கம் இல்லாமல் சொல்லை மட்டும் மூன்று முறை சொல்லி எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் வேறிசை என்றே எழுதினார்கள். அப்படி எழுதிய ஒருத்தியிடம் பொருள் கேட்டேன். "வேற ஊர்ல இருந்து வந்த இசை, டீச்சர்" என்றாள். பாஞ்சோ எங்கிருந்து வந்தது என்று போன வாரம்தான் சொல்லியிருந்தேன், தப்பு என்று சிவப்பு மை போட மனம் வரவில்லை. என் வகுப்பில் வேர்ப்பாட்டுதான்.