கருத்தரங்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள், சட்டம் இருந்திருந்தால்?

வரலாற்று ஆசிரியை, சென்னை:
அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்துகிறேன். கோயில் நுழைவுப் போராட்டங்கள் பற்றி ஒரு கருத்தரங்கு. அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகு, பேச்சாளர்களின் முழு உரையையும் முன்கூட்டியே நிர்வாகத்தினர் கேட்டார்கள். கொடுத்தோம். முதல் நாள் மாலை, ‘நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது’ என்று ஒற்றை வரிச் சுற்றறிக்கை. எந்தத் தேதிக்கு என்று இல்லை. பிரிட்டனில் பல்கலைக்கழகப் பேச்சுரிமைக்கென்றே 2023-இல் சட்டம் இயற்றினார்களே, அதுபோல் இங்கும் இருந்தால் கூட்டம் நடந்திருக்குமா?

ஓய்வுபெற்ற பேராசிரியர், திருவல்லிக்கேணி:
கூட்டம் நடந்திருக்கலாம் அம்மா. அடுத்த ஜூனில் உங்களுக்கு வேலை இருந்திருக்குமா என்பதுதான் என் கவலை. எல்லோரும் 2023 சட்டத்தையே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம். ஊரறிந்த கருத்தையும் ஆசிரியர் கேள்வி கேட்கலாம், பலருக்குக் கசப்பதையும் சொல்லலாம், அதற்காக வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று அது வேலையைச் சொல்லியே எழுதியது. நம்மிடமும் 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி ஆசிரியரை நீக்க முடியாது. ஆனால் ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரை நீக்கவே வேண்டாமே! விடுமுறை முடிந்ததும் கால அட்டவணை ஒட்டுவார்கள். உங்கள் கட்டத்தில் வேறு பெயர் இருக்கும். உத்தரவே இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வீர்கள்?

வழக்கறிஞர், பாரிமுனை:
ஐயா சொல்வது சரி. ஆனாலும் சட்டத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியின் அரசியல் சாசனத்தில் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் 5-ஆம் பிரிவே காவல். நம் 19-ஆம் பிரிவில் பேச்சுரிமை உண்டு, கல்விச் சுதந்திரம் என்று தனியாக இல்லை. அதனால்தான் இங்கே எல்லாம் போராட்டத்தில் முடிகிறது. 2015-இல் சென்னை ஐஐடி, அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகே திருப்பித் தந்தது. பிரிட்டனின் 2023 சட்டமும் சும்மா வரவில்லை: 2024 ஜூலையில் புதிய அரசு அதை நிறுத்தி வைத்தது, முக்கியப் பிரிவுகள் 2025 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தன. இப்போதைக்கு, புதிய தேதி எது என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

வரலாற்று ஆசிரியை:
துறைத்தலைவர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். எங்கள் துறையில் நிரந்தரப் பணியில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
அந்த 1976 சட்டம் அவரைப் போன்றவர்களுக்குத்தான் எழுதப்பட்டது. கடிதம் துறையின் பெயரில், அவர் கையெழுத்தோடு மட்டும் போகட்டும். உங்கள் பெயர் எங்குமே வேண்டாம்.