முன்னட்டையில் முதலில் பேச வேண்டியது தலைப்பெழுத்து: சில அனுபவங்கள்

சொந்தமாக நூல் வெளியிடும் நண்பர்களுக்குப் பக்க வடிவமைப்பிலும் அச்சக வேலைகளிலும் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அவ்வேலைகளின்போது கண்டவற்றை இங்கே பகிர்கிறேன். அட்டை முக்கியம் என்பதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் அட்டை என்றதும் பெரும்பாலானோர் படத்தைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்கள். தமிழ் நூலின் முன்னட்டையில் படத்தைவிடத் தலைப்பெழுத்துக்கே, அதாவது தலைப்பை எழுதியிருக்கும் எழுத்தின் வடிவத்துக்கே, கூடுதல் கவனம் தேவை என்பது என் உறுதியான எண்ணம். பெயர் பெற்ற பதிப்பகத்தின் நூலை வாசகர் கையில் எடுக்கும்போது, அதன் முத்திரையே பாதி நம்பிக்கையைத் தந்துவிடுகிறது. முன்பின் அறியாத ஆசிரியர் தாமே வெளியிடும் நூலுக்கு அப்படிச் சிபாரிசு செய்ய யாருமில்லாததால், அந்த வேலையையும் அட்டைதான் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில், நண்பர் ஒருவர் தம் சிறுகதைத் தொகுப்பை ஓர் அரங்கில் விற்பனைக்கு வைத்திருந்தார். கைத்தறி நெசவாளர் குடும்பங்களைப் பற்றிய, மிகுந்த உழைப்பில் எழுதப்பட்ட கதைகள் அவை. முன்னட்டையிலோ ஆற்றில் சூரியன் மறையும் புகைப்படமும், அதன் மேல் சிவப்பு விளிம்பும் கறுப்பு நிழலும் கொடுத்த மஞ்சள் எழுத்துகளும் இருந்தன. மேசையருகே நெடுநேரம் நின்று கவனித்தேன். வருபவர்களின் பார்வை இடப்பக்கமிருந்த நூலிலிருந்து வலப்பக்கமிருந்த நூலுக்கு நேராகச் சென்றதே தவிர, நடுவிலிருந்த இந்தத் தொகுப்பின் மேல் நிற்கவில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் எடுத்துப் பார்த்து, "இது ஜோதிடப் புத்தகமா தம்பி?" என்று கேட்டார். கதைகள் என்று நான் சொன்னதும் வைத்துவிட்டு நகர்ந்தார். அவர் மேல் குற்றமில்லை. அட்டை சொன்னதைத்தான் அவர் கேட்டார்.

மறுபதிப்பில் அந்தப் புகைப்படத்தை நீக்கிவிட்டு, வெளிர் மஞ்சள் பரப்பில் பாவு நூல்களைப் போல மேலிருந்து கீழாக ஓடும் கருநீலக் கோடுகளையும், அவற்றின் நடுவே தடித்த பெரிய எழுத்தில் தலைப்பையும் மட்டும் வைத்தோம். அடுத்த காட்சியில் அதே நூலைப் பலர் எடுத்தார்கள். எடுத்தவர்கள் திருப்பிப் பின்னட்டைக் குறிப்பையும் படித்தார்கள். எல்லோரும் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதைகளுக்குத் தங்களைத் தாங்களே எடுத்துரைக்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது.

தம் ஊரின் கோயில், குளம், பழைய குடும்பங்கள் பற்றிய வரலாற்றைத் தொகுத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் நூலில் வேறு விதமான சிக்கல் வந்தது. அட்டையின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எப்படி இருக்கிறது, பாருங்கள்" என்றார். படம் அழகாகவே இருந்தது. ஆனால் தலைப்பிலிருந்த 'கோயில்' என்ற சொல்லில், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கிடந்தது. ஃபோட்டோஷாப் என்ற பட வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகளில் இயல்பாக இயங்கும் எழுத்துப் பொறி, இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்த தமிழை அதில் ஒட்டினால் கொம்புகள் இடம் மாறிவிடும். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குள் சென்று 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்னும் பழைய பதிப்புகளில் இதே வசதி 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்ற பெயரில் இருக்கும். இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லையே இல்லை. வரலாறு சொல்லும் நூலின் தலைப்பிலேயே எழுத்து சிதைந்திருந்தால், உள்ளே இருக்கும் ஆண்டுக் கணக்குகளை வாசகர் எப்படி நம்புவார்? ஆசிரியர் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே மாதிரியை அனுப்பியதால் அந்த நூல் பிழைத்தது.

மின்னூலில் தலைப்பெழுத்தின் முக்கியத்துவம் இன்னும் பெருகுகிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அமேசானின் கிண்டில் மின்னூல் வெளியீட்டுத் தளத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தபின், நம்மவர்கள் பலர் அங்கேதான் தங்கள் முதல் நூலை வெளியிடுகிறார்கள். அட்டைப் படம் 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமும் கொண்டிருப்பது நல்லது என்று தளம் பரிந்துரைக்கிறது. ஆசிரியர் அதைக் கணினித் திரை முழுவதும் விரித்து வைத்து மகிழ்கிறார். வாசகரோ கைப்பேசியில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அளவில்தான் அதைப் பார்க்கிறார். கவிஞர் ஒருவர் தம் தொகுப்புக்குக் கையெழுத்துப் போன்ற மெல்லிய எழுத்துருவைத் தேர்ந்திருந்தார். பெரிதாகப் பார்க்கையில் அது கண்ணுக்கு இதமாக இருந்தது. சிறிதாக்கியதும் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மறைந்தன, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிந்தன, சொல்லே வேறாகிவிட்டது. பெரும்பாலான கிண்டில் கருவிகள் கறுப்பு வெள்ளையில் காட்டுவதால், பச்சைப் பின்னணியில் அவர் வைத்திருந்த சிவப்புத் தலைப்பு ஒரே சாம்பல் நிறமாகக் கலந்தும் போனது. இதை அறிய நிபுணர் எவரும் தேவையில்லை. அட்டையைக் கைப்பேசிக்கு அனுப்பி, சிறிதாக்கி, நிறத்தையும் நீக்கி, நூலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுத்துத் தலைப்பைப் படிக்கச் சொன்னால் போதும்.

எழுத்துருவுக்குப் பணம் வேண்டுமே என்று தயங்க வேண்டியதில்லை. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பாலூ தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் முதலியவை வணிகப் பயன்பாட்டுக்கும் இடம் தரும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இருந்தாலும் கையால் எழுதிய தலைப்புக்கு ஈடில்லை என்பேன். ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு, எழுத்தே படமாகி நிற்க முடியும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தரம் எல்லோருக்கும் வாய்க்காது, உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவர், தம் ஊரில் கடைப் பலகை எழுதும் பெரியவரிடம் தலைப்பைத் தூரிகையால் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, வெறும் வெள்ளைத் தாளின் மேல் அதை மட்டும் வைத்தார். பலகை எழுதுபவருக்கு லகரத்தின் வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பது கைப்பழக்கம். நான் பார்த்த சொந்த வெளியீடுகளில் மிக அழகான அட்டைகளுள் அதுவும் ஒன்று.

அச்சுக்குப் போகிறவர்கள் சிலவற்றை முன்பே பேசிவிட வேண்டும். திரையில் ஒளிரும் நீலம், அச்சகத்தின் நான்கு வண்ண சிஎம்ஒய்கே மையில் மங்கியோ ஊதாவாகவோ இறங்கும் என்பதால், கோப்பை மாற்றிப் பார்த்துவிட்டே ஒப்புதல் தர வேண்டும். அச்சிட்டபின் ஓரங்களை வெட்டுவதற்காக அட்டைப் படத்தை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். 200 பக்க நூலின் முதுகு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வரும். அலமாரியில் வெளியே தெரிவது அது மட்டுமே என்பதால், நீண்ட தலைப்பை அதில் நெருக்கித் திணிக்காமல் ஆசிரியர் பெயரைச் சிறிதாக்கியாவது தலைப்புக்கு இடம் தர வேண்டும். இறுதிக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். இணையத்தில் தேடி எடுத்த ஓவியத்தை அப்படியே போடுவது சட்டப்படியும் நியாயப்படியும் தவறு. நம் நாட்டில் ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

செலவைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை வாங்கித் தருவதாகச் சொல்லித் தனிக்கட்டணம் கேட்பவர்களிடம் பணம் கொடுத்துவிட்டு, அட்டைக்கு மட்டும் இலவச வார்ப்புருவைத் தேடும் நண்பர்களைப் பார்க்கிறேன். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகவே வழங்குகிறது. அந்தத் தொகையை வடிவமைப்பாளருக்குக் கொடுங்கள். கதைச் சுருக்கத்தை அனுப்பி முடித்துக்கொள்ளாமல், ஓர் அத்தியாயத்தையாவது அவரைப் படிக்கச் சொல்லுங்கள். மின்னூல் ஏற்கெனவே வெளியாகியிருந்தாலும் அதன் அட்டையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், முதலில் அதிலிருந்தே தொடங்கலாம்.