கியர்பாக்ஸைக் கழற்றியாச்சு, பின்பக்க கிராங்க் சீலையும் மாற்ற வேண்டுமா?

தூறல்:
கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனதால் கியர்பாக்ஸைக் கீழே இறக்கியிருக்கிறேன். பெட்ரோல் என்ஜின், 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. கிளட்ச் உட்காரும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் கழற்றியாயிற்று. கிராங்க்‌ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலில் (என்ஜின் ஆயில் வெளியே வராமல் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கும் வளையம்) சொட்டு எதுவும் இல்லை, அடியில் மட்டும் லேசாகப் பழுப்புத் தூசி ஒட்டியிருக்கிறது. பழைய கிளட்ச் பிளேட்டிலும் எண்ணெய் படவில்லை. ஒரு மெக்கானிக் "கையோடு மாற்றிவிடு" என்கிறார், இன்னொருவர் "காய்ந்திருக்கிற சீலைத் தொடாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழையபிஸ்டன்:
மாற்றிவிடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சீல் விலை குறைவு, அதை எட்டுகிற வேலைதான் பெரிது. டிரைவ்‌ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் என்று எல்லாம் இறங்க வேண்டும். அந்தப் பாட்டை ஏற்கெனவே பட்டுவிட்டீர்கள். இப்போது விட்டுவைத்து, அடுத்த வருடம் அது ஒழுகத் தொடங்கினால் அத்தனையையும் மறுபடி இறக்க வேண்டும். அதோடு எண்ணெய் குடித்த புதுக் கிளட்ச் பிளேட்டையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும். அதைக் கழுவி மறுபடி போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உள்விட்டம்:
மேலே சொன்ன கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று: புது சீல் ஒழுகாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? பழைய சீலின் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொட்டு அடைக்கும் உள்விளிம்பு, இத்தனை தூரமும் அந்த ஷாஃப்டோடு பழகிக் கிடக்கிறது. தொழிற்சாலையில் அதை நேராக அழுத்தி உட்கார வைக்க ஜிக் இருக்கிறது. நாம் சுத்தியலும் மரத்துண்டும் வைத்துத் தட்டுகிறோம். கொஞ்சம் சாய்ந்தாலும் உதடு ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். தட்டுகிற அதிர்ச்சியில் உதட்டுக்குப் பின்னால் இருக்கும் சுருள்வில் வளையம் கழன்று விழுவதும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பழையதை எடுக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஷாஃப்டில் கீறல் போட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கீறலை எந்தப் புது சீலாலும் அடைக்க முடியாது.

பழையபிஸ்டன்:
அதெல்லாம் வேலை தெரியாதவர் செய்யும் தவறு. அதற்கு சீல் என்ன செய்யும்?

உள்விட்டம்:
கேள்வி கேட்டிருப்பவர் வீட்டில் வைத்துத் தானே செய்கிறவர் போலத் தெரிகிறது. ஆலோசனை அவருக்குத்தானே?

கரிக்கை:
இரண்டு பேரும் ஒரே மாதிரி சீலை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். முதலில் அது எந்த வகை என்று பார்க்க வேண்டாமா?

பழைய என்ஜின்களில் நைட்ரைல் ரப்பர். தொடர்ந்து 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டிலேயே கிடந்தால் அது இறுகிக் கல்லாகிவிடும். இந்த வகை 1,30,000 ஓடியிருந்தால் நானும் பழையபிஸ்டன் கட்சிதான், மாற்றியே ஆக வேண்டும். விட்டான் என்கிற ஃப்ளூரோ ரப்பர் ஏறக்குறைய 200 டிகிரி வரை தாங்கும், அதற்கு இன்னும் ஆயுள் இருக்கலாம். புதிய என்ஜின்கள் பலவற்றில் பிடிஎஃப்இ (டெஃப்ளான்) உதடு வருகிறது. அதில் சுருள்வில் இருக்காது, உதடு அகலமாக ஷாஃப்டின் மேல் படுத்திருக்கும்.

பொருத்தும் முறையும் நேர் எதிர். ரப்பர் உதட்டுக்கு எண்ணெய் தடவித்தான் ஏற்ற வேண்டும், வில் இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும். பிடிஎஃப்இ உதட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது, ஷாஃப்டும் சுத்தமாகத் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். அந்த உதடு தன் பொருளையே மெல்லிய படலமாக ஷாஃப்டில் பூசிக்கொண்டுதான் அடைக்கிறது. எண்ணெய் தடவினால் அந்தப் படலம் ஒட்டாது. கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தும் கணம் வரை கழற்றவும் கூடாது, கழற்றி வைத்தால் உதடு சுருங்கிப்போகும். "புது சீல் போட்டேன், உடனே ஒழுகியது" என்று புலம்புகிறவர்களில் பலர் பழைய வழக்கப்படி எண்ணெய் தடவி ஏற்றியவர்கள்தான்.

வெண்புகை:
இவ்வளவு எதற்கு? கசிவை நிறுத்தும் திரவம் ஒரு பாட்டில் வாங்கி என்ஜின் ஆயிலில் ஊற்றினால் போதாதா?

கரிக்கை:
ஒழுகாத சீலுக்கு மருந்தா? அந்தத் திரவங்கள் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும், அவ்வளவுதான். இறுகிப்போன ரப்பர் கொஞ்ச காலம் அடங்கியிருக்கும். உதடு தேய்ந்திருந்தாலோ ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ உதவாது, பிடிஎஃப்இயிடம் வேலைக்கே ஆகாது. கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு பாட்டிலைத் தேடுவானேன்?

தூறல்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். உதடு அகலமாக ஷாஃப்டின் மேல் படுத்திருக்கிறது, பிடிஎஃப்இ போலத்தான் தெரிகிறது. சீல் தனியாக இல்லை, ஒரு அலுமினியத் தட்டோடு சேர்ந்தே இருக்கிறது. ஆறு போல்ட் போட்டு என்ஜினோடு இறுக்கியிருக்கிறார்கள்.

உள்விட்டம்:
நல்லதாகப் போயிற்று, இப்போது என் பக்கம் இன்னும் வலுக்கிறது. அந்தத் தட்டின் அடி விளிம்பு, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். தட்டை எடுத்தால் சம்ப் பேக்கிங்கின் பின்விளிம்பு கிழியவோ பெயரவோ வாய்ப்பு அதிகம். அப்புறம் சம்ப்பையும் இறக்கு, பேக்கிங் பசை சுரண்டு என்று வேலை நீண்டுகொண்டே போகும். ஒழுகாத இடத்தில் இரண்டு புதுக் கசிவுக்கு வழி செய்வானேன்?

பழையபிஸ்டன்:
சம்ப்பின் பின்பக்க போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கூர்மையான பிளேடால் பசையை அறுத்து, தட்டை நேராகப் பின்னால் இழுத்தால் பேக்கிங் தப்பிவிடும். திருப்பிப் போடும்போது இரண்டு மூலைகளிலும் சீலன்ட் ஒரு பொட்டு வைக்க வேண்டும். வழக்கமாகச் செய்கிற வேலைதான், மலையைப் புரட்டுவதில்லை. தவிர, தட்டோடு வருவதால் நீங்கள் பயந்த சாய்வுப் பிரச்சினையே இல்லை. சுத்தியலுக்கு வேலை கிடையாது, போல்ட்டை மட்டும் குறுக்கு வரிசையில், தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்க வேண்டும்.

உள்விட்டம்:
சாய்வு விஷயத்தில் சரி, ஒப்புக்கொள்கிறேன். சம்ப் விஷயத்தில் இல்லை. அந்த வயதுப் பேக்கிங் பிளேடுக்கு மரியாதை கொடுக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

சத்தமில்லாசங்கிலி:
காரணத்தை யாருமே தொடவில்லையே. பின் சீல் தானாகக் கெடுவது ஒரு பக்கம், உள்ளிருந்து தள்ளப்பட்டுக் கெடுவது இன்னொரு பக்கம். கிராங்க்கேஸில், அதாவது கிராங்க் சுழலும் என்ஜின் அடிக்கூட்டில், சேரும் வாயுவை வெளியே எடுப்பது பிசிவி வால்வு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் எண்ணெய் பலவீனமான இடம் எதுவோ அதன் வழியாக வெளியே வரப் பார்க்கும். அந்த நிலையில் புது சீல் போட்டாலும் அதே கதிதான். வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஊசி ஓடும் பழைய வகை என்றால் கடகட என்று சத்தம் வர வேண்டும். சவ்வு வைத்த வகை என்றால் குலுக்கிப் பயனில்லை, சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, மேலே ஒரு காகிதம் வையுங்கள். மெல்ல உள்ளே இழுத்தால் நல்லது. தூக்கி எறிந்தால் பிசிவியோ பிஸ்டன் ரிங்கோ சரியில்லை, அதைச் சரிசெய்யாமல் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, கிராங்கை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்படி ஆடுகிற ஷாஃப்டை எந்த உதடும் பின்தொடர்ந்து அடைக்காது.

தூறல்:
ஆட்டம் எதுவும் தெரியவில்லை. வால்வு கடகட என்கிறது. அந்தப் பழுப்புத் தூசி மட்டும் உறுத்துகிறது. விரலில் தேய்த்தால் கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கிறது.

கரிக்கை:
முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் கியர் ஆயில், அதாவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல். அதை மாற்றிவிட்டு கிராங்க் சீலை அப்படியே விடலாம். வாடை இல்லையென்றால் என்ஜின் ஆயில். அப்போதும் உடனே சீலைக் குற்றவாளி ஆக்க வேண்டாம், ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் பாருங்கள். பல என்ஜின்களில் அந்தத் துளைகள் கிராங்க்கேஸுக்குள் திறந்திருக்கும். மரையில் சீலன்ட் இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் எண்ணெய் மரை வழியே ஊர்ந்து வந்து ஃப்ளைவீலின் மையத்தில் சேரும். பார்க்கிறவர்கள் எல்லோரும் சீல் போயிற்று என்பார்கள்.

தூறல்:
வாடை இல்லை. ஆனால் போல்ட் எட்டில் மூன்றின் மரை நுனி ஈரமாக இருக்கிறது, மற்றவை காய்ந்திருக்கின்றன.

உள்விட்டம்:
அப்படிச் சொல்லுங்கள்! சீல் நல்ல சீல். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சீலன்ட் தடவி, மூடிவிடுங்கள்.

பழையபிஸ்டன்:
போல்ட் காரணம் என்பது சரியாக இருக்கலாம். ஆனாலும் நான் என்றால் சீல் தட்டை வாங்கி மாற்றித்தான் மூடுவேன். உள்விட்டம் வண்டியில் இப்படிக் கழன்றால் அவர் விட்டுவிடட்டும், அது அவர் கிளட்ச்.

தூறல்:
புது போல்ட்டுகளும் சீலன்டும் வாங்கப் போகிறேன். சம்ப் பேக்கிங்கின் விளிம்பை நன்றாகப் பார்த்தேன், ஏற்கெனவே இறுகி வெடித்திருக்கிறது, எப்படியும் சம்ப்பை இறக்க வேண்டியதுதான். அப்படியிருக்க சீல் தட்டையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன், உதட்டில் எண்ணெய் தடவாமல். உள்விட்டம் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உள்விட்டம்:
சம்ப்பே இறங்குகிறது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தட்டை எடுத்ததும் உதடு ஓடிய தடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றிவிட்டுத்தான் புது சீல் போட வேண்டும். பிடிஎஃப்இக்கு ஸ்லீவ் சரிப்படுமா என்பதை அந்த சீலின் பெட்டியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.