ஒரே செவ்வந்தி, பின்பக்கம் பூக்குது, வாசலில் மொட்டே இல்லை. ஏன்?

மீனா_ஸ்காபரோ:
போன வருடம் வாங்கிய மஞ்சள் செவ்வந்தியை இந்த மே மாதம் பிரித்து இரண்டு இடத்தில் நட்டேன். பின்வேலி ஓரம் இருப்பது மொட்டு வெடித்து மஞ்சள் காட்டுகிறது. வாசல்படி ஓரம் இருப்பதோ நல்ல கரும்பச்சை, புதர் மாதிரி, ஆனால் மொட்டு இல்லை. ஒரே உரம், ஒரே தண்ணீர், பூச்சியும் இல்லை. மேப்பிள் சிவக்கும்போது வாசலில் மஞ்சளாகப் பூத்து நிற்க வேண்டும் என்று ஆசை ஆசையாக வைத்தது. அக்டோபர் பாதி போய்விட்டது.

தோட்டக்காரன்:
நுனி கிள்ளியது எப்போது? ஆகஸ்டில் கிள்ளினால் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

மீனா_ஸ்காபரோ:
இல்லை, ஜூலை தொடக்கத்தோடு நிறுத்திவிட்டேன். இரண்டிலும் அப்படித்தான்.

வேலியோரம்:
அக்கா, வாசல் லைட் இரவு முழுக்க எரியுமா?

மீனா_ஸ்காபரோ:
ஆமாம், இருட்டினால் தானே எரியும், விடிந்தால் அணையும். நீங்கள் கேட்டபிறகு போய்ப் பார்த்தேன். படியின் நிழல் விழும் பக்கத்தில் மட்டும் மிளகு அளவில் நாலைந்து மொட்டு இருக்கிறது!

வேலியோரம்:
அப்போ காரணம் லைட்தான். செவ்வந்தி இரவின் நீளத்தைப் பார்த்து மொட்டு வைக்கிற செடி. இருட்டு நீளமாகவும் இடைவிடாமலும் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் இன்னும் கோடைதான் என்று இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூ வளர்ப்பவர்கள் இதை வைத்தே பூக்கும் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள்: நடுராத்திரியில் லைட் போடுவார்கள். சீக்கிரம் பூக்க வேண்டுமென்றால் சாயங்காலமே கறுப்புத் துணி போர்த்துவார்கள்.

இன்றே அணைத்தாலும் பூக்க ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் உறைபனி வந்துவிடும். நான் என்றால் பின்வேலிச் செடியை வாசலுக்குக் கொண்டுவருவேன். நிறம் காட்டிய மொட்டை வாசல் லைட் ஒன்றும் செய்யாது. முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, வேரோடு மண்கட்டி உடையாமல் அகலமாகத் தோண்டித் தொட்டியில் வையுங்கள். மொட்டோடு இடம் மாற்றினாலும் செவ்வந்தி தாங்கும்.

தோட்டக்காரன்:
சரியான யோசனை. உறைபனி அறிவிப்பு வந்தால் ராத்திரி பழைய பெட்ஷீட் போர்த்துங்கள், பூ இன்னும் சில நாள் நிற்கும்.

மீனா_ஸ்காபரோ:
மாற்றிவிட்டேன், வாடவில்லை. பூ முடிந்தபிறகு தொட்டியை வெளியே விடலாமா?

வேலியோரம்:
வேண்டாம், தொட்டியில் வேர் உறைந்துவிடும். சூடேற்றாத கராஜில் வையுங்கள், மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். வாசல் செடியின் தண்டை இப்போது வெட்டாதீர்கள். நிலம் உறைந்ததும் மேலே காய்ந்த இலை போட்டு மூடுங்கள். வசந்தத்தில் துளிர்த்ததும் லைட் படாத இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.